சொல்லிக்கொண்டு போகக் கூடாத வீடு

நான்காவது முறையாக ஒருவரை நாய்க்கடி ஊசிக்கு அழைத்துக்கொண்டு போனபோது ஆஸ்பத்திரி நர்சுக்கு என் முகம் பழகிவிட்டிருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே சீட்டில் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தத் தடவ யாரும்மா?"

"என் தம்பிங்க."

"சொந்தத் தம்பியா? அப்ப வெளியாளுங்கள்லாம் தீந்து போயிட்டாங்களா?"

தம்பி கம்மாபுரத்திலிருந்து பலாச்சுளை கொண்டுவந்திருந்தான். சுளையைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது கடிபட்டான். கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து வேட்டியை மடித்துக் காலையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அக்கா, அது நாய் இல்ல, டிக்கெட் செக்கர். எறங்குற எடத்துல நின்னு புடிக்குது" என்றான்.

சிரித்தேன். சிரிப்பது கூட ஒரு வேலையாக இருந்தது.

டெரியர் ஜாதி நாய். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் காப்பி நிறம். முழங்காலுக்குக் கீழேதான் நிற்கும். காய்கறிப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அதனால்தான் யாரும் பயப்படவில்லை. அதனால்தான் எல்லோரும் கடிபட்டார்கள். கேட்டைத் திறக்கிற ஒவ்வொருவரிடமும் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே குரலில் "ஒண்ணும் பண்ணாது, வாங்க" என்று சொல்லிச் சொல்லியே நான்கு பேருக்கு ஊசி போட வைத்தோம். கேஸ் சிலிண்டர் போடுகிறவர், என் நாத்தனார், மாடி வீட்டு அம்மா, இப்போது தம்பி.

அது என் மகளின் நாய். அண்ணாமலை நகரில் அவள் படித்துக்கொண்டிருந்தபோது, லாட்ஜில் தங்கியிருந்த ஒரு சீனியர் பெண் படிப்பு முடிந்து ஊருக்குப் போகையில் விட்டுவிட்டுப் போனது. மகள் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தாள். மூன்று நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. நான்காம் நாள் அவள் தலையணையில் தூங்கியது. பிறகு அவளுக்குக் கல்யாணமாகிக் கடலூர் போய்விட்டாள். திருப்பாப்புலியூரில் மாமியார் வீடு, மாடியும் கீழுமாகப் பெரிய வீடு. நாயை அவர்கள் ஏற்கவில்லை. நாய் எங்களுக்கு மிஞ்சியது. வீட்டில் வளர்ந்த பெண் போய்விட்டால் மிஞ்சுவது பழைய நோட்டும் ஒற்றைக் கம்மலும் என்பார்கள். எங்களுக்குப் பற்கள் மிஞ்சின.

நான் தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் போய் வருகிறவள். ஆபீஸ் அங்கே. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி எத்தனையோ கவலைகளை அந்த ரோட்டில் கொட்டியிருக்கிறேன். பி.முட்லூரில் ஒன்று, புதுச்சத்திரத்தில் ஒன்று, ஆலப்பாக்கத்தில் ஒன்று. அந்த ஆண்டு முழுக்க ஒரே ஒரு கவலைதான். ஏறும்போதும் அதுதான், இறங்கும்போதும் அதுதான்.

செய்யாததில்லை. அடித்தோம். பேப்பரைச் சுருட்டி மூக்கில் தட்டினோம். அறையில் பூட்டினோம், கதவின் அடிப்பலகையைத் தின்றது. எங்கள் சபை பாஸ்டர் வந்து அதன் தலையிலும் கை வைத்து ஜெபித்தார். என் வீட்டுக்காரர் ரிட்டையரானவர், பகல் முழுக்க அதோடு இருக்கிறவர். ஒரு நாள் அதன் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் புத்தி சொன்னார். அது அவர் மடியில் முகவாயை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டது.

மகளுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். தம்பியைக் கடித்த செய்தி எங்களுக்கு முன்னால் கடலூர் போய்ச் சேர்ந்துவிட்டது. சம்பந்தியம்மா போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பச்சப்புள்ள இருக்கப்போற வீடு. நாயை யார்கிட்டயாவது குடுத்துடுங்க. இல்லன்னா பிரசவத்த நாங்களே இங்கயே பாத்துக்கறோம். எங்களுக்கு ஒண்ணும் பாரமில்ல."

அன்று ஆபீஸ் முடிந்ததும் மகளைப் பார்க்கப் போனேன். மாடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் வீங்கியிருந்தது.

"நாயக் குடுத்துட்டு என்னக் கூப்புடாத. நான் வரமாட்டேன்."

"அது உன் புள்ளையக் கடிச்சா?"

"அப்ப நான் இங்கயே இருந்துக்கறேன். ஆனா அதக் குடுத்தன்னு மட்டும் கேள்விப்பட்டேன்னு வையி…"

முடிக்கவில்லை. ஏழாம் மாதச் சடங்குக்கு நாள் குறித்தாகிவிட்டது, ஐந்து வாரம் இருந்தது. நாயைக் கொடுத்தால் அவள் வரமாட்டாள். கொடுக்காவிட்டால் அவர்கள் அனுப்பமாட்டார்கள். ஒரே ஒரு மகள். அவள் முதல் பிரசவ வலியில் கூப்பிடும்போது நான் பக்கத்து அறையில் இருக்க வேண்டும் என்று அவள் பூப்படைந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது நடுவில் முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளை நாய்.

கிள்ளையில் இறால் குட்டை வைத்திருக்கும் நண்பரிடம் என் வீட்டுக்காரர் பேசிப் பார்த்தார். "கடிக்கிற நாயா? நல்லதாப் போச்சு, குடு மச்சான். குட்டக்கரையில சங்கிலி போட்டுக் கட்டிடறேன்" என்றார் அவர். மகளின் தலையணையில் தூங்கிய நாய், உப்புக்காற்றில், ஒரு கம்பியைச் சுற்றி. மகளிடம் காணாமல் போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு அவரே எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடலூரில் ஒரு கால்நடை டாக்டரைப் பார்க்கப் போனேன். நாய் இல்லாமல். பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த ஒருவருக்கும், கூண்டில் கிளியோடு வந்த ஒருவருக்கும் நடுவில் வெறும் கைப்பையோடு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் முப்பது வயதுப் பெண். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார். நான் நடந்ததையெல்லாம் கொட்டினேன். எலுமிச்சை சாதத்தில் ஒரு வாய் எடுத்தவர் நிறுத்தினார்.

"வரும்போது கடிக்குதா, போகும்போது கடிக்குதா?"

யாரும் கேட்காத கேள்வி. நாங்களே கேட்டுக்கொள்ளாத கேள்வி. கேஸ்காரர் காலி சிலிண்டரைத் தூக்கித் திரும்பியபோது. நாத்தனார் செருப்பை மாட்டியபோது. மாடி வீட்டு அம்மா "சரி, வரேங்க" என்றபோது. தம்பியும் கிளம்பும்போதுதான். அவன் டிக்கெட் செக்கர் என்றபோதே சொல்லிவிட்டிருந்தான், எனக்குத்தான் உறைக்கவில்லை.

"உங்க வீட்டுல ஒருத்தர் கெளம்பும்போது என்னா நடக்கும்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு வாங்கியது. எங்கள் வீட்டில் விருந்தாளி சும்மா எழுந்து போய்விட முடியாது. "சரி, நாங்க கெளம்பறோம்" என்பார்கள். "அதுக்குள்ளயா?" என்போம். மறுபடி உட்காருவார்கள். காப்பி. மறுபடி எழுந்தால், "ஜெபம் பண்ணிட்டுப் போலாம்." எல்லோரும் எழுந்து நிற்போம், கண்ணை மூடுவோம். ஜெபத்தில் வந்தவர் குடும்பம், எங்கள் குடும்பம், நோயாளிகள், விதவைகள், பிரயாணம் எல்லாம் வந்து போகும். ஆமென். பிறகு செருப்பு. கூடத்தில் ஒரு பேச்சு, வாசலில் ஒரு பேச்சு, கேட்டில் பத்து நிமிஷம், வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகு முக்கியமான விஷயம். அதன் பிறகுதான் போயிட்டு வரேன், போயிட்டு வாங்க.

டாக்டர் கேட்டு முடித்தார். "அதுக்கு கோபம் இல்லீங்க. பதட்டம். யாரோ போறாங்கன்னு தெரிஞ்சதுலேருந்து நீங்க அர மணி நேரம் அடுப்புல வெச்சுக் காய்ச்சறீங்க. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு வேற நிக்கறீங்க. பொங்கி வழியறப்ப கிட்ட இருக்கற கால்ல வாய வெக்குது."

அதை ஒருத்தி லாட்ஜில் விட்டுவிட்டுப் போனாள். இன்னொருத்தி கல்யாணப் புடவையில் அழுது, ஜெபித்து, கேட்டருகே நின்று, காரில் ஏறிப் போனாள். போவது என்றால் என்ன என்று அந்த நாய்க்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

வழி சொன்னார். கேட்கச் சுலபமாக இருந்தது. வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. வழியனுப்பவும் கூடாது. ஆள் வந்தவுடன் நாயை அதன் பாயில் கயிற்றில் கட்டி, ரப்பர் உருண்டைக்குள் வேகவைத்த ஈரலைத் திணித்துக் கொடுத்துவிட வேண்டும். கிளம்புகிறவர் பேச்சோடு பேச்சாக எழுந்து, பேசிக்கொண்டே வெளியே போய்விட வேண்டும். இருக்கிறவர்கள் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் நாங்கள் இருவரும் கிளம்புவது போல ஒத்திகை பார்க்க வேண்டும். சாவியை எடுப்பது, உட்காருவது. செருப்பைப் போடுவது, கழற்றுவது. ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை.

"அடிக்காதீங்க. அடிச்சா பயம்தான் ஜாஸ்தியாகும். அப்பறம் ஒண்ணு, இது முழுசா மாறும்னு நெனைக்காதீங்க. கொழந்த வந்தா நடுவுல ஒரு கம்பிக் கதவு எப்பவும் வேணும். ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக்கூடாது."

மறுநாளிலிருந்து தொடங்கினோம். ஆபீஸ் விட்டு ஏழு மணிக்கு வந்து, முகம் கழுவி, வீட்டை விட்டுப் போக ஆரம்பிப்பேன். கைப்பையை மாட்டுவேன், நாற்காலியில் உட்காருவேன். கேட் வரை போவேன், திரும்பி வந்து வெங்காயம் உரிப்பேன். அவர் ஸ்கூட்டர் சாவியைக் குலுக்கிவிட்டு டிவி பார்ப்பார். முதல் வாரம் ஒவ்வொரு சாவிச் சத்தத்துக்கும் நாய் கயிற்றை இழுத்துக் குரைத்தது. எனக்குக் காலும் இடுப்பும் விட்டுப்போயின. மாடி வீட்டு அம்மா, தையல் போட்ட காலோடு, மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா, போறியா வரியா?"

"எனக்கே தெரியலக்கா."

இரண்டாம் வாரம் குரைப்பு குறைந்தது. மூன்றாம் வாரம் செருப்புச் சத்தத்துக்கு ஒரு காதை மட்டும் தூக்கியது. நாயைப் பழக்கிவிடலாம். மனிதர்களைத்தான் முடியவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போ என்று எங்கள் ஊரில் ஒருவரிடம் சொல்வது செருப்பால் அடிப்பதற்குச் சமம். என் நாத்தனார், "இனிமே வராதன்னு நேரா சொல்லிடு" என்று இரண்டு வாரம் பேசவில்லை. தம்பி மறுபடி வந்தான், பேண்ட் போட்டுக்கொண்டு. நெய்வேலியில் மழை பெய்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டே எழுந்தான், சொல்லிக்கொண்டே போனான். குரல் தெருவில் தேய்ந்தது. கால் மணி நேரம் கழித்து பஸ் ஸ்டாண்டிலிருந்து போன்.

"அக்கா, திருடிட்டு ஓடியாந்த மாதிரி இருக்குக்கா. மாமா என்னா நெனச்சுக்குவாரு?"

"மாமாவுக்கு சந்தோஷம்டா. கடி வாங்காம போனியே."

ஜெபத்தையும் மாற்றினோம். வந்தவுடன், உட்கார்ந்தபடி. பாஸ்டர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "கேக்கறவருக்கு நாம நிக்கறமா உக்காந்திருக்கமான்னா கணக்கு?" என்றார். அவர் கிளம்பும்போது நாய் நிமிரக்கூட இல்லை. நாங்கள்தான் எழுந்திருக்கத் துடித்த காலை இன்னொரு காலால் அழுத்திக்கொண்டோம்.

நான்காம் வாரம் சம்பந்திகளை வரச் சொன்னேன். கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும். போனில் எல்லாவற்றையும் விளக்கினேன்.

"சொல்லிக்காமயா? சண்ட போட்டுட்டுப் போறவங்கதாம்மா சொல்லிக்காம போவாங்க" என்றார் சம்பந்தியம்மா. பிறகு அவரே சொன்னார்: "சரி. புள்ளத்தாச்சிப் பொண்ணு ரெண்டு நாளா சரியாச் சாப்புடல. அவளுக்காக வரோம்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தார்கள். சம்பந்தி சபையில் மூப்பர். கடலூர்ப் பக்கத்தில் அவர் ஜெபத்துக்குப் பேர் உண்டு, நீளத்துக்கும் உண்டு. வந்ததும் உட்கார்ந்து ஜெபித்தார். நாய் பாயில், கயிற்றில், ஈரல் உருண்டையோடு. அதன் வாயில் வலைக்கூடு போடலாமா என்று கேட்டார் அவர். போட்டால் ஈரல் தின்ன முடியாது என்றேன். சாப்பிட்டோம். காப்பி ஆனது. எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

பிறகு அறுபத்தைந்து வருஷப் பழக்கம் அவரை எழுப்பிவிட்டது. தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு நின்றார். "அப்ப ஒரு வார்த்த ஜெபம் பண்ணிட்டு…"

சம்பந்தியம்மா எழுந்தார். என் வீட்டுக்காரர், கடவுளே, அவரும் எழுந்தார். எல்லாக் கண்களும் மூடின. நான் மட்டும் மூடவில்லை. நாய் உருண்டையை விட்டது. முன்கால் இரண்டும் பாயில் ஊன்றின. மேலுதடு லேசாகத் துடித்தது. நான்கு வார நடை, நாற்பது தடவைச் செருப்பு, மகளின் வீங்கிய பாதம், எல்லாம் அந்த உதட்டில் நின்றன.

"சம்பந்தி," என்றேன், "உக்காருங்க."

சம்பந்தியை இடைமறித்ததே இல்லை நான். அதுவும் ஜெபத்தை. என் குரல் ஆபீஸில் கவுன்ட்டரில் பேசுகிற குரலாக இருந்தது. அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். முகம் சிவந்தது. மெதுவாக உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஜெபத்தை விடவில்லை அவர். நாயின் கண்ணையே பார்த்தபடி, பேசுகிற குரலில், இந்தப் பொண்ணுக்கும் வரப்போற குழந்தைக்கும் சுகம் கொடுங்க ஆண்டவரே என்றார். அவ்வளவுதான். அவர் வாழ்நாளிலேயே அதுதான் மிகச் சின்ன ஜெபமாக இருந்திருக்கும். ஆமென் சொல்லவில்லை. அப்படியே, மூச்சு விடாமல், "இந்த வருஷம் பரங்கிப்பேட்டப் பக்கம் மழ எப்புடி சம்பந்தி?" என்று தொடர்ந்தார்.

நாய் ஒரு நீண்ட நொடி நின்றது. உட்கார்ந்தது. உருண்டையைக் காலால் இழுத்துக்கொண்டது.

மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே அவர் எழுந்தார். வடிகால் வாய்க்காலைப் பற்றிப் பேசிக்கொண்டே செருப்பைப் போட்டார். சம்பந்தியம்மா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார், திரும்பிப் பார்க்கவே இல்லை. கார் கிளம்பியது. நானும் வீட்டுக்காரரும் காலி டம்ளர்களின் நடுவில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தோம்.

முட்லூர் தாண்டியிருப்பார்கள். போன் வந்தது. சம்பந்தியம்மா.

"கம்பிக் கதவு போட்டுடுங்க. பொண்ண வந்து அழைச்சிட்டுப் போங்க." பின்னால் அவர் கணவர் ஏதோ சொல்வது கேட்டது. "அவுரு சொல்றாரு, இனிமே அவுர உக்காரச் சொல்லாதீங்களாம். வரும்போதே ஜெபத்தப் பெருசாப் பண்ணிடறாராம்."

மகள் வந்தாள். கதவு போட்டோம். வலி ஒரு விடியற்காலையில் வந்தது, பக்கத்து அறையிலிருந்து "அம்மா" என்றாள், நான் இருந்தேன். பெண் குழந்தை. கம்பிக்கு அந்தப் பக்கம் நாய் படுத்துக்கொண்டு தொட்டில் ஆடும் கணக்கில் கண்ணை அசைக்கும். நாங்கள் மூன்று பேர் முறை போட்டுக் காவல் இருந்தோம். நாய்க்காகவா, குழந்தைக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத காவல். நான் இரவில் இரண்டு மணி நேரம் தூங்கினேன், பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தூங்கினேன். ஒரு நாள் ஆபீஸுக்குக் கடலூர் முதுநகரில் இறங்க வேண்டியவள் கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தட்டி எழுந்தேன்.

மூன்று மாதம் முடிந்ததும் குழந்தையை அப்பா வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பெட்டி கட்டினால் நாய்க்குத் தெரிந்துவிடும். பெட்டி கட்டுவதைத்தான் அது முதலில் பார்க்கும். அதனால் பத்து நாளாக நான் என் ஆபீஸ் பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனேன். ஒரு நாள் குழந்தையின் சட்டைகள் ஆறு. ஒரு நாள் தொட்டில் துணி. ஒரு நாள் மகளின் நைட்டிகள், அவள் சீப்பு, பிரசவ மருந்து, பவுடர் டப்பா. சாயங்காலம் திருப்பாப்புலியூரில் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிட்டு, காலிப் பையோடு பஸ் ஏறுவேன். மற்ற தாய்மார்கள் ஒரே நாளில் வாசலில் நின்று அழுது முடித்துவிடுகிறார்கள். நான் பத்துத் தவணையாக, டிக்கெட் எடுத்து, என் மகளை நானே கொண்டுபோய் விட்டேன்.

அந்தக் காலையில் மாப்பிள்ளை காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். என் வீட்டுக்காரர் காய் வாங்கப் போகிறவர் போலப் பையோடு முன்னால் போய்விட்டார், கடலூர் வரை அவரும் காரில் கூடப் போகிறார். நாய்க்கு ஈரல் கொடுத்தாயிற்று. கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நானும் மகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளில். குழந்தை அவள் தோளில் தூங்கியது. இரவே பேசி வைத்திருந்தோம். அழக் கூடாது. ஜெபத்தை விளக்கை அணைத்த பிறகு படுத்தபடி முடித்திருந்தோம்.

"சிலிண்டர் புக் பண்ணிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

"பண்ணிட்டேன். நேத்தே பண்ணிட்டேன்."

"எப்ப வருமாம்?"

கேட்டுக்கொண்டே எழுந்தாள். அவள் போவதைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பி நிறக் காது மேலே எழுந்தது. நின்றது. அவள் வெறுங்காலோடுதான் நடந்தாள், செருப்பு காரில் இருந்தது. கேட்டின் கொண்டிக்கு முந்தின நாளே எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். சத்தம் வரவில்லை. காது மெல்ல இறங்கியது.

"மெசேஜ் வந்துச்சு," என்றேன் நான், அவள் நாற்காலியைப் பார்த்து, அதே குரலில், அதே வேகத்தில். "புதன்கிழம வந்துடும்னு போட்டிருக்கான். கடி வாங்கின அந்த ஆளே வருவாரோ, வேற ஆள அனுப்புவாங்களோ தெரியல."